பூசணிக்காயில் குச்சி குத்திய விவரம்

உயர்திரு எழுமலை முத்துப்பாண்டி அவர்கள் சமூகத்திற்கு, மதுரை விளாங்குடியிலிருந்து ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர் முத்துக்கருப்பன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ‘சம்பந்தி’ என்று எழுத ஆசைதான், ஆனால் அதற்கான உரிமை ஞாயிற்றுக்கிழமை வாசலோடு போய்விட்டது. ‘அண்ணே’ என்று எழுதினாலோ பிள்ளைகள் இருவரும் அண்ணன் தங்கை முறையாகிவிடுவார்கள். ஆகவே ‘அவர்கள்’ என்றே இருக்கட்டும். இங்கு நானும் என் மனைவி ஒச்சம்மாளும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அவள் அன்றிலிருந்து என்னோடு பேசாததால் அவள் நலத்தை விசாரித்து எழுத முடியவில்லை.

பெண் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். “வாத்தியாரே, பூசணிக்காயில எதுக்கு இம்புட்டுக் குச்சி?” எத்தனையோ பிள்ளைகளின் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொன்ன என் வாயிலிருந்து, “அது வெளிச்சத்துக்குங்க” என்று மட்டும்தான் வந்தது. உங்கள் அக்கா முனியாயி அம்மாள், “அடி ஆத்தி! வெளிச்சத்துக்குக் குச்சி குத்துறவுக எந்த ஊர்லய்யா இருக்காக? தம்பி, வண்டியத் திருப்பு!” என்றார்கள். நீங்கள் வந்த இரண்டு கார்களும் பின்புறமாகவே தெருவைத் தாண்டின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முந்தின நாள் அமாவாசை. பூசணிக்காயின் உடம்பெல்லாம் விளக்குமாற்று ஈர்க்குச்சி. ஒரு பாதியில் குங்குமம் வேறு. அதைப் பார்த்தால் நானே எனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஓடியிருப்பேன்.

நடந்தது இதுதான். என் மகள் சுபலட்சுமி வேலை பார்க்கும் கம்பெனியில், கட்டப்போகும் வீட்டைக் கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் காட்டுவார்கள். அவள் அங்கே படம் வரைபவளாகச் சேர்ந்து, பிறகு அந்தப் படத்தில் வெளிச்சம் எப்படி விழ வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் புரோகிராம் எழுதுபவளாக ஆனாள். சிக்கல் என்னவென்றால், பத்தாம் வகுப்போடு கணக்குக்குப் பெரிய கும்பிடு போட்டவள் அவள். மற்றவர்கள் எழுதி வைத்ததை எடுத்து ஒட்டியே காலம் தள்ளியிருக்கிறாள். ஒருநாள் காரைக்குடிக்காரர் ஒருவருக்குக் காட்டிய வீட்டில் நான்கு சுவரிலும் ஒரே நேரத்தில் வெயில் அடித்திருக்கிறது. அவர், “ஏம்மா, எங்க வீட்டுக்கு மட்டும் நாலு சூரியனா?” என்று கேட்டுவிட்டார். அன்று மாலை வீட்டுக்கு வந்தவள், “அப்பா, நான் முதல்லேர்ந்து படிக்கப் போறேன்” என்று ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தாள். சம்பளம் வாங்கும் பெண் பின்னம் போட்டுப் பழகுவதைப் பார்த்து ஒச்சம்மாள், “கல்யாணத்துக்குப் பாக்குற நேரத்துல ஆறாப்பு படிக்கிறாளே” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பின்னத்திலிருந்து கோணம், கோணத்திலிருந்து முக்கோணம் என்று போய், ஹாலில் மூன்று நிறத்தில் மூன்று கயிறு கட்டினாள். கிழமேற்கு ஒன்று, தென்வடல் ஒன்று, தரையிலிருந்து மேலே ஒன்று. எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பதை மூன்றே எண்ணில் சொல்லிவிடலாமாம். நீங்கள் வருவதற்காகக் கயிறுகளை அவிழ்த்தோம். பூசணிக்காயை மட்டும் ஒச்சம்மாள், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று, ஹாலிலிருந்து எடுத்து வாசல் ஸ்டூலில் வைத்து மறந்துவிட்டாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன், பொறுமையாகக் கேளுங்கள். அந்தக் காயின் தோலில் எந்த இடத்தில் குச்சி குத்தினாலும் தோலுக்கு நேர் நிமிர்வாக நிற்கும்படி குத்தியிருந்தாள். அறையை இருட்டாக்கி டார்ச் அடித்தாள். எந்தக் குச்சி டார்ச்சை நேராகப் பார்க்கிறதோ அதன் அடியில் முழு வெளிச்சம். குச்சி சாயச் சாய வெளிச்சம் குறைகிறது. பக்கவாட்டில் திரும்பிய குச்சியின் அடியில் ஒன்றுமே இல்லை. டார்ச்சுக்கு முதுகு காட்டும் குச்சியின் அடியில் இருட்டு. காயின் மேல் பேனா பிடிக்கவில்லை, அதனால்தான் வெளிச்சம் பட்ட பாதியைக் குங்குமத்தால் குறித்தாள். “அவ்வளவுதாம்ப்பா. திரையில இருக்குற ஒவ்வொரு புள்ளியும், ‘என் குச்சி வெளிச்சத்துலேர்ந்து எம்புட்டு சாஞ்சிருக்கு’ன்னு கேக்குது. குச்சிக்கு மூணு எண்ணு, வெளிச்சத்துக்கு மூணு எண்ணு. மூணு பெருக்கல், அதைக் கூட்டுனா பதில்” என்றாள். நாலு சூரியன் வந்ததற்குக் காரணம், எந்தச் சுவரின் குச்சி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இவள் புரோகிராம் கேட்காததுதானாம்.

நான் பேரரசர்களைப் பற்றிப் பாடம் நடத்தியவன். எந்தப் பேரரசனின் ஆணையும் இத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் நடந்ததில்லை. அவள் இதைச் சொன்ன மறுநாள் மாலை மொட்டைமாடியில் நின்று நாகமலையைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற மலைதான். அன்று அதன் ஒவ்வொரு பாறையிலும் கண்ணுக்குத் தெரியாத குச்சி நிற்பது போலிருந்தது. சூரியன் இறங்க இறங்க, மலை முழுவதும் அந்த மூன்று பெருக்கலைப் பிசகில்லாமல் போட்டுக்கொண்டிருந்தது. உங்கள் பருத்திக் காட்டில் உழுத மண்ணைச் சாயங்காலத்தில் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு உழவுச் சாலிலும் ஒரு பக்கம் பொன்னாகவும் மறு பக்கம் கருப்பாகவும் இருக்கும். அங்கேயும் இதே கணக்குத்தான் நடக்கிறது. எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

ஆகவே எங்கள் வீட்டில் செய்வினையும் இல்லை, திருஷ்டி கழிப்பும் இல்லை. இருப்பது கணக்குப் படிக்கிற ஒரு பெண். “பூசணிக்காயப் பாத்து ஓடுறவுக வேணாம்ப்பா” என்று அவள் வாய் சொல்கிறது. ஆனால் உங்கள் மகன் தம்பி ஹரிஷ்குமாரின் போட்டோ அவள் மேசையிலேயேதான் இருக்கிறது. என் மகளின் வாழ்வு ஒரு காயால் கெட வேண்டாம். அக்காவிடம் எடுத்துச் சொல்லி, இன்னொரு முறை வாருங்கள். உங்கள் வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. உங்கள் காட்டில் நேரத்துக்கு மழை பெய்யட்டும்.

இப்படிக்கு,
முத்துக்கருப்பன்

பின்குறிப்பு: இதை எழுதி முடித்துச் சுபலட்சுமியிடம் படிக்கக் கொடுத்தேன். சிரிக்கிறாள். தம்பி அன்றைக்கே போன் செய்து, “பூசணிக்காய்க்குத்தான் வரி வரியாப் பள்ளம் இருக்கே, அங்கயும் குச்சியப் பள்ளத்துச் சரிவுக்குச் சாய்க்காம நேரா வெளியே பாக்கவா குத்துனீங்க?” என்று கேட்டிருக்கிறார். அவள் கண்டுபிடிக்காத பிழையாம் அது. அன்றிலிருந்து தினமும் பேச்சு. இன்று உசிலம்பட்டிச் சந்தைக்குப் போவதாக உங்களிடம் சொன்னவர், இங்கே ஹாலில் உட்கார்ந்து உங்கள் காட்டுப் பூசணிக்காயில் குச்சி குத்திக்கொண்டிருக்கிறார். “மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் குச்சி ஒடிச்சுக் குடுங்க” என்று ஒச்சம்மாளும் இப்போது என்னிடம் பேசிவிட்டாள். நான் மேலே எழுதிய எதற்கும் இனி அவசியமில்லை. தேதி மட்டும் குறியுங்கள், சம்பந்தி. முனியாயி அக்காவை மட்டும் ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள்: இந்தக் கடிதத்தை வெயிலுக்கு நேரே பிடித்து, மெல்ல மெல்லச் சாய்த்துப் பார்க்கட்டும்; வெளிச்சம் குறையக் குறைய, குச்சி எதற்கு என்று அவர்களுக்கே புரியும்.