கறை பிடிக்காத தரை

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறவன், தன் வீட்டுத் தரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத மடையனாக இருக்க முடியுமா? முடியும். நான் இருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்ட பிறகு, நீடாமங்கலம் வீட்டு டைல்ஸ் தரையில் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார். இரண்டாவது தடவைக்குப் பின் வாக்கரைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். கூடம் முழுக்க வினைல் ஷீட் ஒட்டலாம் என்று கிளம்பியவன் நான்தான். கடைக்காரர் கொடுத்த மாதிரித் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் தண்ணீர், கஷாயம், அப்பாவின் தைலம், கடைசியில் பாத்ரூம் ஆசிட் வரை ஊற்றித் துடைத்துக் காட்டினேன். "எதுக்கும் அசையாதும்மா. கறையே பிடிக்காது" என்றேன். (வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.)

புதுத் தரை வழுக்கவில்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தைரியம் வந்தது. பட்டை வைத்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வாக்கரோடு கூடத்தில் நடந்தார். அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போக நாள் குறித்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கார் வரைக்கும் நானே நடந்து போவேன். தூக்கிட்டுப் போறதா இருந்தா கல்யாணமே வேண்டாம்."

அந்த இருபது அடிக்காக மூன்று மாதம் பழகினார்.

அது குறுவை நடவு நேரம். வருகிறவர்கள் காலெல்லாம் சேறு. தரை பாழாகுமே என்று நிலைப்படிக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் மிதியடி வாங்கிப் போட்டிருந்தேன். கிளம்புகிற அன்று காலையில் அம்மா பெருக்குவதற்காக அதைத் தூக்கினாள். அடியில் அதே அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. சேறு இல்லை, ரப்பரே வினைலில் ஊறி ஏறிய நிறம். அது எதற்கும் போகாது என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

"கறையே பிடிக்காதுன்னியேடா" என்றாள் அம்மா.

சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சோப்புத்தூள் போட்டேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், மசியவில்லை. கதவுக்குப் பெயின்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னர் இருந்தது. அதை ஊற்றி அழுத்தித் தேய்த்தேன். கறை போகவில்லை, தரையில் இருந்த மரக்கோடு டிசைன் போனது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று ஃபேனைப் போட்டுவிட்டு வேட்டி கட்டப் போனேன். (தின்னரில் பிளாஸ்டிக் இளகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆசாமி நான்தான்.)

அப்பா கிளம்பினார். பட்டுப்புடவையில் அம்மா, அப்பாவின் தங்கையான என் அத்தை, எல்லோரும் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நிலைப்படி வரை வந்தவர், ஓய்வெடுக்க நின்றார். சரியாக அந்த இடத்தில். பிறகு வாக்கரைத் தூக்கினார், வரவில்லை. காலைத் தூக்கினார், அதுவும் வரவில்லை. உடம்பு லேசாக ஆடியது. நான் பாய்ந்து பிடிக்கப் போனேன்.

"தொடாதடா" என்றார்.

"அப்பா, தரை ஒட்டிக்கிச்சுப்பா. நான் தின்னர் ஊத்திட்டேன்."

குனிந்து தரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வழுக்கக் கூடாதுன்னுதானே போட்டே. நல்லாத்தான் போட்டிருக்கே" என்றார்.

அத்தை சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு விழுந்தால் இனி எழுந்து நிற்கவே சம்மதிக்க மாட்டார் என்று தெரியும். அம்மாதான் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து செருப்புப் பட்டையைக் கழற்றினாள். எழுந்து, "என் தோளைப் பிடிச்சுக்குங்க" என்றாள். வாக்கரையும் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு நிலைப்படியைத் தாண்டி, அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கார் வரை நடந்தார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடியே தோள்ல கை போட்டாச்சு" என்றாள் அத்தை. அப்பாவுக்கு வெட்கம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் அப்படி நடந்தது அதுதான் கடைசி. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் போய்விட்டார்.

செருப்பைப் பிய்த்தெடுத்த இடத்தில் இரண்டு பாதங்களின் வரியும் வாக்கரின் நான்கு வட்டங்களும் அப்படியே பதிந்திருக்கின்றன, வாசலைப் பார்த்தபடி. தரையை மாற்றிவிடலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். அம்மா காதில் வாங்கவில்லை. அத்தை எப்போது வந்தாலும் நிலைப்படியில் நின்று, "அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க" என்பாள். எல்லோரும் சிரிப்போம்.

அம்மாவும் சிரிப்பாள். ஆனால் வீடு துடைக்கும்போது அந்த இடத்தில் மட்டும் துணி படாமல் சுற்றித் துடைப்பாள். எவ்வளவு துடைத்தாலும் அது போகாதும்மா என்று நானும் சொல்லிவிட்டேன். நம்ப மாட்டேன் என்கிறாள். தரை விஷயத்தில் என்னை ஒரு தடவை நம்பியவள்.