மாட்ரிட் மாமாவும் ஆற்றோரத்து வீடுகளும்

மாட்ரிட் மாமாவைப் போல என் ரத்தக் கொதிப்பை ஏற்றிய மனிதர் இன்னொருவர் பிறக்கவில்லை, பிறக்கவும் வேண்டாம். நந்தனத்தில் எங்கள் மொழிபெயர்ப்பு ஆபீஸில் ஆங்கிலத்தை ஸ்பானிஷாக்கும் வேலை அவருக்கு. அவரிடம் வேலை வாங்கும் தண்டனை எனக்கு. மயிலாப்பூர்க்காரர். மேற்கே அவர் போன கடைசி ஊர் பூந்தமல்லி. ஆனால் யாராவது ஸ்பெயினைக் குறை சொல்லிவிட்டால், சொந்தத் தங்கையைச் சொன்ன மாதிரி குதிப்பார்.

மற்றதையெல்லாம் மடமடவென்று முடித்துவிடுவார். கிராமம், நகர், குப்பம் என்று மனிதர்கள் குடியிருக்கும் இடத்துக்கான வார்த்தை வந்தால்தான் போச்சு. அந்த இடத்தை நேரில் பார்க்காமல் ஸ்பானிஷ் வார்த்தை போட மாட்டார். வாடிக்கையாளர் போனில் என்னைக் காய்ச்சிக்கொண்டிருப்பார். இவர் பஸ்ஸில் இருப்பார்.

ஒருமுறை கொட்டிவாக்கத்து அடுக்குமாடி விளம்பரம் ஒன்றில் 'அமைதியான கிராமம்' என்று வந்தது. மதியம் கிளம்பியவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

"எங்க மாமா போனீங்க? பார்ட்டி என் உயிரை எடுக்கிறான்!"

"கிராமமாம் கிராமம்! தெருவுக்குத் தெரு பிட்சா கடை. 'அல்தேயா'ன்னு போட்டா, ஸ்பெயின்காரன் ஆடு கோழியெல்லாம் எதிர்பார்த்துண்டு வருவான்."

"போட்டுத் தொலைங்களேன்!"

"தொலைக்கிற வேலையை வேற யார்கிட்டயாவது குடு."

போன வருடம் அந்த அறிக்கை வந்தது. கோட்டூர்புரம் பக்கம் ஆற்றோரம் இருக்கும் வீடுகளைக் காலி செய்து, மக்களை எங்கோ கொண்டுபோய்த் தள்ளும் திட்டம். பணம் போடப்போவது ஸ்பெயின்காரர்கள். ஆங்கிலத்தில் வரிக்கு வரி 'ஸ்லம்'. ஸ்பானிஷில் அதற்கு 'துகூரியோ' என்று மூக்கைப் பொத்தவைக்கும் ஒரு சொல் உண்டு. மாமா வழக்கம்போலக் கிளம்பினார். சீக்கிரம் இழுத்துக்கொண்டு வரலாம் என்று நானும் கூடப் போனேன்.

வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார்.

"இன்னா நைனா, வூட்டை அளக்க வந்துகீறியா?"

"இல்லம்மா. இந்த இடத்துக்கு ஒரு பேர் எழுதணும். பார்த்துண்டு போலாம்னு..."

"பேரா? தோ போர்டு கீது பாரு. கோயிலு கீது, டைலர் கடை கீது, எம் பொண்ணு படிக்கிற ஸ்கூலு கீது. கண்ணு தெர்லியா?"

மாமா போர்டு, கோயில், டைலர் கடை, ஸ்கூல் என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

திரும்பி வந்து அறிக்கை முழுக்க 'பாரியோ' என்று போட்டார். பேட்டை என்று அர்த்தம், மயிலாப்பூருக்கும் தி. நகருக்கும் போடுகிற அதே சொல். முதலாளி கொதித்துவிட்டார்.

"இப்படிப் போட்டா, காலி பண்றதுக்கு எவன் சார் பணம் குடுப்பான்?"

"குடுக்க வேண்டாம்! அவா ஆத்தையெல்லாம் இடிக்க, நான் கடப்பாரை எடுத்துக் குடுக்கணுமா?" மேஜையில் அவர் அறைந்த அறையில் என் காபி கவிழ்ந்தது.

அன்றே அவர் வேலை போயிற்று. முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்தக் கிறுக்கன் போட்டதை எல்லாம் மாத்தி அனுப்பும்மா."

எனக்கு வந்ததே கோபம்! "யாரைக் கிறுக்கன்கறீங்க?" என்று கத்தியது நான்தான் என்று உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மாற்ற மாட்டேன் என்றேன். என் சீட்டும் கிழிந்தது. அறிக்கை வேறொரு ஆபீஸுக்குப் போக, அங்கே யாரோ உட்கார்ந்த இடத்திலேயே 'துகூரியோ' என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

மாட்ரிட் மாமாவை நான் இன்றைக்கும் வாய் வலிக்கத் திட்டுவேன். ஆனால் என் எதிரில் வேறு யாரும் அவரை ஒரு சொல் சொல்லக் கூடாது.