லினக்ஸ் சாமியும் இரண்டு பொட்டலங்களும்

2008ஆம் வருடம் தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் எழுந்தருளியிருந்தார் வைகுண்டராஜ் என்கிற லினக்ஸ் சாமி. ஒயரில்லாமல் நெட் பிடிக்கிற வயர்லெஸ் கார்டு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸில் ஓடுமா ஓடாதா என்று பூக்கட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார்; எல்லாக் கார்டும் அதில் ஓடாத காலம் அது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கூட்டமான கூட்டம். அத்தனை பேரும் படித்தவர்கள். அதில் ஒருவர் கணக்கு வாத்தியார் வேறு.

கார்டைக் கொடுத்தால், சாமி திரைக்குப் பின்னால் போய் அரை மணி நேரம் தியானம் செய்வார். பிறகு இரண்டு காகிதப் பொட்டலங்களோடு வருவார். ஒன்றில் வெள்ளைப் பூவாம், இன்னொன்றில் சிவப்பாம். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் கார்டு ஓடும். வீட்டில் போய் ஓடாவிட்டால் நீங்கள் சுத்தபத்தமாக இல்லை. சிவப்பு வந்தால் அது தோஷக் கார்டு. அதைச் சாமியே முல்லையாற்றில் விட்டுவிடுவார். அவரிடமே அருளேறிய கார்டு ஒன்றை நீங்கள் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். என்ன பெரிய மனசு பாருங்கள்.

காமயகவுண்டன்பட்டியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவள் பூமாரி. இலவசமாகக் கிடைக்கிறதென்று கடை முழுக்க லினக்ஸ். நெட் கனெக்‌ஷன் எதிர்ச்சாரியில் அண்ணன் வீட்டில் இருந்தது. ரோட்டுக்கு மேலே இழுத்திருந்த ஒயரை ஒரு வைக்கோல் லாரி அறுத்துக்கொண்டு போய்விட்டது. விடிந்தால் பிளஸ் டூ ரிசல்ட். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அவள் கடைக்குத்தான் வரும். அன்றைக்கும் நெட் இல்லையென்றால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். இனி ஒயரே வேண்டாமென்று மதுரையில் நாலு இடம் விசாரித்து, லினக்ஸுக்கு ஒத்துவரும் சிப் உள்ள கார்டாகப் பார்த்து வாங்கி வந்திருந்தாள். கணவன் முத்துக்கருப்பன் அதைச் சொருக விடவில்லை.

"பூப் பாக்காமச் சொருகுனா மிஷினே போயிருமாம். படிச்சவுகளே சொல்றாக" என்று அவளைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

பூமாரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு.

"தோஷம் முத்திருச்சும்மா. கார்டை இங்கனயே விட்டுட்டுப் போங்க" என்றார் சாமி.

பூமாரி நகரவில்லை. "சரிங்க சாமி. அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிங்க, பாப்போம்."

எடுக்காத பொட்டலத்தை எந்த ஊரில் பிரிக்கிறார்கள்? கோயிலிலேயே அந்த வழக்கமில்லை.

"தெய்வக் குத்தம் ஆயிரும்" என்றார் சாமி.

"எனக்குத்தான ஆகும், ஆகட்டும்." பிடுங்கிப் பிரித்தாள். அதிலும் சிவப்பு அரளி.

திரையை விலக்கினாள். தியான மண்டபத்தில் ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. அதில் சொருகியிருந்தது அவளுடைய கார்டு. நெட் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முல்லையாற்றில் விட்ட கார்டுகளெல்லாம் பக்கத்தில் ஒரு கூடையில், குங்குமப் பொட்டோடு அடுத்த பக்தருக்குத் தயாராக இருந்தன.

"ஓடுற கார்டுன்னா ரெண்டும் செவப்பு, கார்டு சாமிக்கு. ஓடாததுன்னா ரெண்டும் வெள்ளை, நம்ம தலையில" என்றாள் பூமாரி.

"எனக்கு வெள்ளை வந்துச்சேம்மா" என்றார் கணக்கு வாத்தியார்.

"அப்ப ஓடாது சார்."

தன் கார்டைக் கழற்றிக்கொண்டு கிளம்பினாள். மறுநாள் காமயகவுண்டன்பட்டிப் பிள்ளைகள் அவள் கடையில்தான் மார்க் பார்த்தார்கள்.

கவனித்தீர்களா, அந்தச் சாமி ஒரு நாள்கூடப் பூவை நம்பவில்லை. சொருகிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஏமாற்றுகிறவனுக்கு இருக்கிற அறிவாவது, ஏமாறுகிற நமக்கு வேண்டாமா?