புல்வெளிப் பலகைக்காரர்

அமெரிக்கப் புறநகரில் புல்லோடு புல்லாகச் செழித்து வளரும் ஓர் இனம் உண்டு: புல்வெளிப் பலகைக்காரர். வீட்டின் முன்னால் ‘எல்லாக் குழந்தையும் நம் குழந்தையே’ என்று பலகை நட்டிருப்பார். காற்றில் சாய்ந்தால் ஓடிப்போய் நிமிர்த்துவார். அந்த வீட்டை ஏன் வாங்கினார்? பள்ளிக்கூடத்துக்காக. இங்கே வீட்டு வரியில்தான் அரசுப் பள்ளியே நடக்கிறது, அதுவும் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும். வீடு பெருத்த ஊரில் பள்ளிக்கு நீச்சல்குளம், வீடு இளைத்த ஊரில் பள்ளிக்கு ஒழுகும் கூரை. இந்த அநியாயத்தைப் பற்றி அந்த இனத்தில் ஒருவரான எங்கள் வெண்டெல் ப்ரூயர் விருந்துகளில் பேச ஆரம்பித்தால் அடுப்பில் இறைச்சி கருகும், அவர் கண் கலங்கும். புகையால் மட்டுமல்ல, மனிதருக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

ஆகவே, பக்கத்து நகரத்து ஏழைப் பிள்ளைகள் சிலரை நம் பள்ளியில் சேர்க்கலாமா என்று பள்ளி வாரியம் கூட்டம் போட்டபோது, முதலில் ஒலிவாங்கியைப் பிடித்தவர் அவர்தான். நேரம் முடிந்து மணி அடித்தும் நீதி ஓயவில்லை.

பின்வரிசையில் யோலாண்டா எழுந்தார். நகரத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தவர். ஏழாவது படிக்கும் மகன் டேரியஸின் பள்ளியில் விஞ்ஞானத்துக்கு ஆசிரியரே இல்லை.

“நல்லாப் பேசினீங்க சார். வருஷா வருஷம் எங்க பள்ளிக்கூடத்துக்குப் பழைய புத்தகம் அனுப்புறது நீங்கதானே?”

“அதெல்லாம் ஒரு விஷயமா!” வெண்டெல் நெளிந்தார். சுகமான நெளிவு.

“இந்தத் தடவை ஒயினை ருசி பாக்குறது எப்படின்னு நாலு புத்தகம் வந்துச்சு. எங்க பசங்க இன்னும் அந்தப் பாடத்துக்கு வரலை சார்.”

சபை சிரித்தது. வெண்டெலும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தார்.

“அது கிடக்கட்டும். என் பையனை எப்ப சேத்துக்குவீங்க?”

மனைவி லொரேன் அவர் கையை அழுத்தினாள். “வெண்டெல், வகுப்புல கூட்டம் சேந்தா நம்ம பொண்ணை யாரு கவனிப்பா?”

வெண்டெல் யோலாண்டா பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தார். “கண்டிப்பா சேக்கணும்மா. ஆனா அவசரப்பட்டா அந்தப் பிள்ளைங்களுக்குத்தானே கஷ்டம்? முதல்ல ஒரு குழு போட்டு நல்லா ஆராயணும்.”

என்ன கைதட்டல்! முதல் பேச்சுக்கு அதில் பாதிகூட இல்லை.

குழு போட்டாயிற்று, தலைவர், வேறு யார், வெண்டெல்தான். அறிக்கையும் ஒருவழியாக வந்தது. அட்டையில் கைகோத்த குழந்தைகள், உள்ளே ‘மேலும் ஆராய வேண்டும்’ என்ற முடிவு. அதற்குள் டேரியஸ் பள்ளிப் படிப்பையே முடித்திருந்தான், விஞ்ஞான ஆசிரியர் முகத்தைப் பார்க்காமலே. வெண்டெலுக்கு மனம் கேட்கவில்லை. இன்னும் பெரிய பலகையாக வாங்கி நட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வீடு பார்க்கப் போன இடத்தில் முதலில் எதை விசாரித்தீர்கள் என்று மட்டும் என்னிடம் சொல்லிவிடாதீர்கள். நானும் உங்களிடம் சொல்லப்போவதில்லை. அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்குள் எதற்கு மனஸ்தாபம்?