முதல் குழாயில் இருந்தது காற்று

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். நீயும் மச்சானும் நலம் என்றே வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"மேல்வகுப்புல இவ வேதியியல் எடுக்கலாமா? ஒளிக்காம சொல்லு, மாசக் கடைசிக்குள்ள படிவம் கொடுக்கணும்" என்று படிவத்தோடு உன் மகளை என்னிடம் அனுப்பினாய். ஒளிக்காமல் சொல்கிறேன்: வேண்டாம். அவளுக்கு வாய் அதிகம். நான் பெட்ரோலிய எண்ணெய் ஆலையில், கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த ஹைட்ரோகார்பன் சங்கிலிகளை உடைக்கும் பிரிவிலேயே வேலை பார்க்கிறவன். நீளச் சங்கிலியைச் சூடாக்கினால் உடையும், ஒரு துண்டு அல்கேன், இன்னொன்று அல்கீன், எழுதிக்கோ என்றால், "ரெண்டுமே ஏன் மாமா அல்கேனா ஆகக் கூடாது?" என்கிறாள். ஹைட்ரஜன் பத்தாது, அதனால ஒரு துண்டுல ரெண்டு கார்பன் இரட்டைப் பிணைப்பு போட்டுக்குது, அதான் அல்கீன்னு சொன்னா, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"ங்கறா.

செஞ்சே காட்டுவோம்னு என்கூடப் படிச்ச வாத்தியாரோட பள்ளி ஆய்வகத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு கண்ணாடிக் குழாய்க்குள்ள பாரஃபின் எண்ணெயில நனைச்ச, தீப்பிடிக்காத கனிமப் பஞ்சு, பீங்கான் துண்டு, கீழே பர்னர், அதிலேருந்து தண்ணித் தொட்டிக்குள்ள போற ஒரு வளைஞ்ச குழாய். வர்ற வாயுவைத் தண்ணிக்குள்ள கவிழ்த்த சோதனைக் குழாயில பிடிச்சேன். புரோமின் நீரை ஊத்திக் குலுக்கினேன். அல்கீன் இருந்தா அந்தப் பழுப்பு நிறம் போயிடணும். போகலை. கை வலிச்சதுதான் மிச்சம். "மாமா, முதல் குழாயில வர்றது ஏற்கெனவே உள்ள இருந்த காத்து. அதை விட்டுட்டு அடுத்ததைப் பிடிங்க"ன்னா. எங்க ஆலையில அப்படியெல்லாம் கிடையாதுன்னு கடுப்புல பர்னரை அணைச்சேன். "ஐயோ, முதல்ல வளைஞ்ச குழாயைத் தண்ணியிலேருந்து எடுங்க!"ன்னு அவ கத்தி முடிக்கறதுக்குள்ள உள்ள இருந்த வாயு ஆறிச் சுருங்க, தண்ணி சரசரன்னு மேலேறி, சூடான கண்ணாடி பட்டுன்னு தெறிச்சுது. "டேய், ஆலையில வேலை பாக்கறியா, இல்ல வாசல்ல டோக்கன் கொடுக்கறியா?"ன்னான் வாத்தியார். உன் பொண்ணு சிரிக்கறா. மாமன்ங்கற மரியாதை தெரியாத பிள்ளைக்கு வேதியியல் எதுக்கு? வணிகவியல் போடு.

மச்சானுக்கு என் வணக்கம். எதைப் படித்தாலும் அவள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு, கோபம் தணியாமல்,
உன் தம்பி

பி.கு.: மேலே உள்ளது சாப்பாட்டுக்கு முன்னால் எழுதியது. அதற்குப் பிறகு ஆய்வகத்தில் வாத்தியார் பக்கத்தில் நிற்க, முதல் குழாயை விட்டுவிட்டு அவளே மறுபடி செய்தாள். ரெண்டே குலுக்கு, பழுப்பு போய் தெளிஞ்ச தண்ணி. "அல்கீன் இரட்டைப் பிணைப்புல ஒண்ணை விட்டுட்டு புரோமினைப் பிடிச்சுக்கிச்சு, அதான் மாமா நிறம் போச்சு." படிவத்தில் வேதியியல் என்று நானே நிரப்பிவிட்டேன், இத்துடன் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. இப்போது, "சங்கிலி எந்த இடத்துல உடையணும்னு யாரு முடிவு பண்றாங்க?" என்கிறாள். திங்கட்கிழமை மேலாளரைக் கேட்கணும். அதுவரை இவள் இங்கேயே இருக்கட்டும்.