கடல் மாப்பிள்ளை கரையேறிய கதை

"டிக் பண்ணிட்டீங்களா, இல்லையா?" என்று மனைவி மூன்றாவது முறையாகக் கேட்டாள்.

"பேனா எழுத மாட்டேங்குது" என்றார் கடல் மாப்பிள்ளை.

அவள் கைப்பையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்து, உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து, அது நன்றாகவே எழுதுகிறது என்பதை அவருக்கும் காட்டிவிட்டு, மேஜைமேல் வைத்தாள்.

மேஜையில் கிடந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள். ஒன்று ஆஃப்ஷோர், இன்னொன்று ஆன்ஷோர். அடுத்த ஐந்து வருஷம் கடலில் எண்ணெய் எடுக்கப் போகிறீரா, கரையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசப் போகிறீரா என்று கம்பெனி கேட்டிருந்தது. எதை டிக் செய்தாலும் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிவரை மனசை மாற்றிக்கொள்ளலாம். அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

கடல் மாப்பிள்ளை என்பது பெண் வீட்டார் வைத்த பெயர். ஒன்பது வருஷமாக அவர் இருபத்தெட்டு நாள் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையான ரிக்கிலும் இருபத்தெட்டு நாள் வீட்டிலுமாக இருந்தார். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் சரிபாதிக்குத்தான் அவர் அகப்படுவார்.

அவரும் மனைவியும் ஒரே வகுப்பில் பெட்ரோலியம் எஞ்சினியரிங் படித்தவர்கள். மார்க்கில் அவள் முதலாவது. அவரும் முதலாவதுதான், கடைசியிலிருந்து எண்ணினால் இல்லை, நடுவிலிருந்து எண்ணினால். இருவரும் ஒரே கம்பெனியில் சேர்ந்தார்கள். மகள் பிறந்ததும் ஒருவராவது கரையில் இருந்தாக வேண்டும் என்று ஆனது. "கஷ்டத்தையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ நிம்மதியா கரையில இரு" என்று பெரிய தியாகி போலச் சொல்லிவிட்டு அவர் ஹெலிகாப்டர் ஏறினார். அவள் கரை ஆபீஸில் உட்கார்ந்து, தினம் காலையில் ரிக்கிலிருந்து வரும் அறிக்கையை வாங்கி, எந்தக் கிணறு எவ்வளவு கொடுத்தது, நாளைக்கு எவ்வளவு கொடுக்கும் என்று பார்க்கிற வேலைக்குப் போனாள்.

உண்மை என்னவென்றால், அவர் சொன்ன அளவுக்குக் கடலில் கஷ்டம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை, முதுகு முறிகிற வேலைதான். ஆனால் அது முடிந்துவிட்டால் முடிந்துவிட்டது. படுக்கை விரிப்பை யாரோ மாற்றியிருப்பார்கள். துணியை யாரோ துவைத்து மடித்து வைத்திருப்பார்கள். நான்கு வேளை சுடச்சுடச் சாப்பாடு. தண்ணீர் மோட்டாரை அணைத்தாயா, ஸ்கூலில் கையெழுத்துக் கேட்டார்களே போட்டாயா என்று ஒரு ஜீவன் கேட்காது. அதைவிட, வேலை அவருக்கு உயிர். விடியும்போது மேல்தளத்தில் டீயோடு நின்று, பதினோராம் நம்பர் கிணற்றின் எண்ணெய் குழாயில் ஏறிவரும் சத்தத்தைக் கேட்டே கிணற்றுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் அவரைவிடச் சந்தோஷமான மனிதர் உலகத்தில் கிடையாது.

இதை வீட்டில் சொல்ல முடியுமா? போன் செய்யும்போதெல்லாம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "என்ன பண்றது, இந்த இரைச்சல்லதான் நம்ம காலம் ஓடுது" என்று கத்துவார். ஒரு தடவை உணர்ச்சிவசப்பட்டு, "எப்ப கரையில ஒரு வேலை வருதோ, அன்னிக்கே ஓடி வந்துடுவேன்" என்றும் சொல்லித் தொலைத்திருந்தார்.

இப்போது வந்துவிட்டது.

"ஒரே ஒரு இடம்தான் காலி. நாப்பது பேர் கேப்பாங்க. நமக்கெல்லாம் எங்க கிடைக்கப்போவுது" என்றார்.

"கேட்டுத்தான் பாருங்களேன்."

கிடைக்காது என்ற தைரியத்தில் ஆன்ஷோர் கட்டத்தில் டிக் அடித்தார். மனைவியின் முகம் மலர்ந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் அவரைப் பார்த்து இப்படிச் சிரித்ததில்லை.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியாதா" என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, அதற்குமேல் கேட்கத் திராணி இல்லாமல் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். எட்டு வருஷமாக இருக்கிற வீட்டை அவருக்கு இப்படி யாரும் சுற்றிக் காட்டியதில்லை. மோட்டார் எத்தனை நிமிஷம் ஓட வேண்டும், துணி துவைக்கிற மெஷினின் கதவை எந்த இடத்தில் முழங்காலால் இடித்தால் மூடும், மகளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஸ்கூல் வேன்காரருக்கு எப்போது போன் செய்தால் கோபம் வராது, எல்லாம் நோட்டில் இருந்தது.

"இதெல்லாம் எதுக்கு, நீதான் இருக்கியே" என்றார்.

"தெரிஞ்சு வச்சுக்கறது நல்லதுதானே" என்றாள்.

பாவம், சேர்ந்து குடித்தனம் நடத்தப்போகிற கனவில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். மகளுக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டபோது அது கோணலாகவே வந்தது. இருபது டன் வால்வைத் திருகும்போது தடுமாறாத கை அது.

செவ்வாய்க்கிழமை மாலை அவள் ஆபீஸிலிருந்து ஈரத் தலையோடு வந்தாள்.

"மழையா?" என்றார்.

"அம்மா நீச்சல் குளத்துக்குப் போனாங்க. நாளன்னிக்கும் போவாங்க" என்றாள் மகள்.

"ஆபீஸ்ல ஒரு வகுப்பு. அதைத்தான் உங்ககிட்ட சொல்லலாம்னு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

இனிமேல் ஞாயிற்றுக்கிழமைதோறும் குடும்பமாகக் குளத்துக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "தலையைத் துவட்டு முதல்ல, சளி பிடிச்சுக்கும்" என்று பேச்சை வெட்டிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் வால்வுக்கு போன் செய்தார்.

வால்வு என்பது ரிக்கில் அவருடைய கூட்டாளி. வால்வுகளைப் பழுது பார்ப்பவர். தன் வாயை மட்டும் மூடத் தெரியாது.

"நாளைக்கு இன்டர்வியூ. எப்படியாவது இதுல தோக்கணும்" என்றார் மாப்பிள்ளை.

"அதுக்கு ஏன் கவலைப்படறீங்க? மனசுல பட்டதை அப்படியே சொல்லுங்க. ஆபீஸ்ல யாருக்கு அது பிடிக்கும்?" என்றார் வால்வு.

நல்ல யோசனையாகத்தான் பட்டது.

புதன்கிழமை மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைமை மேலாளர், மூக்குக் கண்ணாடியும் களைத்த முகமுமாக.

"கரை ஆபீஸ் பத்தி என்ன நினைக்கிறீங்க?"

"மீட்டிங் ஜாஸ்தி சார். பத்து நிமிஷத்துல முடியறதை மூணு மணி நேரம் பேசறீங்க. அதுக்குள்ள அங்க கிணறு அதுபாட்டுக்கு ஒரு முடிவு எடுத்துடுது."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். சரி, தொலைந்தது வேலை என்று மாப்பிள்ளைக்கு உற்சாகம் பிறந்தது.

"கம்ப்யூட்டர்ல படம் பாத்தே எல்லாத்தையும் தீர்மானிக்கறீங்க சார். அது தப்பு. கிணத்தோட சத்தத்தைக் கேக்காம அதைப் பத்திப் பேச யாருக்கும் தகுதி கிடையாது. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

"அப்ப எதுக்கு இந்த வேலையைக் கேட்டீங்க?"

"நான் எங்க சார் கேட்டேன்? எனக்கு இது வேண்டவே வேண்டாம். வீட்டுல ஆசைப்படறாங்க. அவ்வளவுதான்."

தலைமை மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"பதினாறு வருஷமா இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். எதிர்ல உக்காந்து ஒருத்தன்கூட உண்மை பேசினதில்ல" என்றார். "இந்தாளை விட்டா வேற யாரைப் போடறது?"

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். தலையாட்டுவது அவர்கள் வேலை.

வீட்டுக்கு வந்து சேதியைச் சொன்னதும் மனைவி அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. காரணம்தான் வேறு என்று மாப்பிள்ளை நினைத்தார்.

இனி ஒரே வழி. தன்னை வீட்டில் வைத்துக்கொண்டு குப்பை கொட்ட முடியாது என்று அவளே முடிவுக்கு வர வேண்டும். "நீங்க கடலுக்கே போயிடுங்க சாமி" என்று அவள் வாயால் வந்துவிட்டால் பழி அவர்மேல் இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வீட்டில் ரிக் சட்டம் அமலுக்கு வந்தது. கூடத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பாதுகாப்புக் கூட்டம் போட்டார். காஸ் அடுப்பைப் பற்றவைக்க அனுமதிச் சீட்டு, அதில் இரண்டு பேர் கையெழுத்து. குளியலறைக்குள் போகும்போது கதவில் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும். விசில் அடித்தால் இரண்டு நிமிஷத்துக்குள் செருப்போடு வாசலில் வந்து நின்று பெயர் சொல்ல வேண்டும். நடுவில் சிரித்தால் மறுபடி முதலிலிருந்து.

முதல் விசிலுக்கே மகள் பல்துலக்கும் பிரஷோடு ஓடிவந்து நின்றாள். இரண்டாவது விசிலுக்கு யூனிஃபார்மில் நின்றாள். மூன்றாவது விசிலுக்குப் புத்தகப் பையோடு நின்றாள். வேன்காரர் வந்தபோது அவருக்காக இவள் காத்துக்கொண்டிருந்தாள். அப்படியொரு காட்சியை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை போலிருக்கிறது. இறங்கி வந்து மாப்பிள்ளைக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்.

"அப்பா, நீ தினமும் இருப்பியா?" என்று மகள் வேன் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"இருப்பேன்மா" என்றார். பொய் சொல்கிறோமா, உண்மை சொல்கிறோமா என்று அவருக்கே விளங்கவில்லை.

உள்ளே மனைவி அனுமதிச் சீட்டுகளை அடுக்கி ஒரு கோப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். கோபமாக இருப்பாள் என்று பார்த்தால், நிம்மதியாகச் சிரித்தாள்.

"நேத்துவரைக்கும் எனக்குக் கொஞ்சம் பயமா இருந்துச்சு. இனிமே இல்ல. நீங்க நல்லாவே சமாளிச்சுடுவீங்க" என்றாள். பிறகு, "இப்பவாவது நான் சொல்றதைக் கேக்கறீங்களா?" என்றாள்.

அவருக்கு விசில் ஊத வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஊதினார். மகள் ஸ்கூலுக்குப் போய்விட்டதால் அவரே போய் வாசலில் நின்றார். அவள் அவரைத் தாண்டி ஆபீஸுக்குப் போனாள். மாலையில் மறுபடி ஈரத் தலையோடு வந்து, சாப்பிட்ட கையோடு தூங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் எழுந்தபோது அவள் கிளம்பிப் போயிருந்தாள். மகளுக்குப் பின்னல் போட்டார். நேராக வந்தது. அனுப்பிவிட்டு, காலியான வீட்டின் நடுவில் நின்றுகொண்டு, பதினோராம் நம்பர் கிணற்றை நினைத்தார். இந்நேரம் யாரோ ஒருவன் அதன் பக்கத்தில் நிற்பான். அவனுக்கு அது இருமினால் தெரியுமா? அவரால் தாங்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்கு ஓடினார்.

பதினொன்றரை மணி. பணியாளர் பிரிவில் கிளார்க் மட்டும் இருந்தார், ஒவ்வொரு காகிதத்தையும் இரண்டு தடவை படிக்கிற நிதானமான மனிதர்.

"படிவத்தை மாத்தணும். கடலுக்கே போறேன்" என்றார் மாப்பிள்ளை மூச்சிரைக்க.

"கரை வேலை உங்களுக்குத்தானே கிடைச்சிருக்கு சார். எல்லாரும் அதுக்குத்தான் அடிச்சுக்கறாங்க."

"எனக்கு வேணாம்ங்க. ஒன்பது வருஷமா வீட்டுல பொய் சொல்லிட்டேன். கடல்ல கஷ்டம், கஷ்டம்னு புலம்பினேனே தவிர, அங்கதான் நான் சந்தோஷமா இருந்தேன். குழந்தை முகத்தைப் பாத்தா விட்டுட்டுப் போகவும் மனசு வரல. போகாம இருக்கவும் முடியல. இன்னிக்குச் சாயங்காலம் என் வீட்டம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறேன். முதல்ல இதை மாத்துங்க."

கிளார்க் கணினியைத் தட்டி, படித்து, மறுபடி படித்தார்.

"மாத்தலாம். ஆனா ரிக்ல உங்க இடத்துக்கு ஏற்கெனவே ஆள் போட்டாச்சு. நீச்சல் பயிற்சியெல்லாம் நேத்தோட முடிஞ்சுது, திங்கட்கிழமை ஹெலிகாப்டர். அவங்க விட்டுக்கொடுத்து ஒரு கையெழுத்துப் போட்டா, உங்களை மறுபடி அங்கயே போட்டுடலாம்."

"போடச் சொல்லுங்க."

"கஷ்டம் சார். கடலுக்குப் போகணும்னு பல வருஷமா காத்திருந்து வாங்கியிருக்காங்க. வீட்டுல ஒருத்தர் கரைக்கு வந்தாத்தான் கிளம்ப முடியும்னு இருந்திருக்காங்க."

"எனக்கு அவர் நம்பரைக் குடுங்க. கால்ல விழுந்தாவது கேக்கறேன். கடல்ல இருக்கிற கஷ்டத்தை நான் எடுத்துச் சொன்னா அவருக்குப் புரியும்."

கிளார்க் திரையை இன்னொரு தடவை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நம்பர் உங்ககிட்டயே இருக்குமே சார். உங்க வீட்டம்மாதானே."