இருநூறு மீட்டர்

ஸ்விஸ் நாட்டு ஆரே ஆற்றின் நட்டநடுவில் மிதந்துகொண்டிருந்த வால்ட்டர் நீடெக்கர், இடது கையை மட்டும் தண்ணீர் படாமல் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தார். கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தவர்கள் எல்லாரும் பதிலுக்குக் கையாட்டினார்கள்.

அவர் யாருக்கும் கையாட்டவில்லை. அந்த மணிக்கட்டில் கடிகாரம் இருந்தது.

சாதாரணக் கடிகாரமா அது? சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம், கை அசைகிற அசைவிலேயே ஓடும். கடலில் முக்குளிப்பவர்களுக்காகச் செய்தது. முகப்பில், தாங்கும் ஆழம் இருநூறு மீட்டர் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஸ்விஸ் கடிகாரங்களில் விலை குறைந்த ரகம்தான். "தினமும் கட்டிக்கலாம் சார், பாத்திரம் கழுவினாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றுதான் கடைக்காரரும் கொடுத்தார். அதைக் கேட்டு நீடெக்கருக்கு மனசு வலித்தது. இதைக் கட்டிக்கொண்டு பாத்திரமா?

ஐம்பதாவது பிறந்தநாளுக்குத் தனக்குத்தானே வாங்கிக்கொண்ட அதைப் பெட்டிக்குள் வைத்து, விசேஷ நாட்களில் மட்டும் எடுப்பார். பெட்டியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் நொடிமுள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து மெய்சிலிர்த்து நிற்பார்.

"பார்த்தியா ரோஸ்மாரி? ஓடிக்கிட்டே இருக்கு! மனுஷன் கையால செஞ்சதுதானா இது?"

"கட்டிக்கத்தானே வாங்கினே? கட்டிக்கிட்டுப் போயேன்" என்பாள் மனைவி, ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

இன்று விசேஷம். அலுவலகத்தார் எல்லாரும் சேர்ந்து வருஷா வருஷம் ஆற்றில் இறங்கும் நாள். துணிமணியை நீர்புகாப் பையில் சுருட்டிக்கொண்டு குதித்து, ஆறு இழுக்கிற இழுப்பில் மிதந்து வந்து, மார்சிலி குளியல்துறையில் கரையேற வேண்டும். நீடெக்கர் வேலை பார்ப்பது காப்பீட்டு அலுவலகத்தில். விபத்துகளைப் படித்துப் படித்தே தலை நரைத்தவர். பை கிழியலாம். கரையில் வைத்தால் களவு போகலாம். கையைத் தூக்கிக்கொண்டு குதித்துவிட்டார்.

"என்ன நீடெக்கர், ஆத்துக்குள்ளயும் கையைத் தூக்கி லீவு கேக்குறீங்களா?" என்றார் பக்கத்தில் மிதந்து வந்த மேலாளர் ரெகுலா. "இருநூறு மீட்டர்னு போட்டிருக்கே! இங்க ரெண்டாள் ஆழம்கூட இல்லையே!"

"வீடு தீப்பிடிச்சா பணம் தருவோம்னு நாமளும்தான் போட்டிருக்கோம் மேடம். அதுக்காக யாராவது கொளுத்திப் பார்ப்பாங்களா?"

மார்சிலி வந்தது. கரையேறுவதற்காக இடது கரையோரம் வரிசையாகச் சிவப்புக் கம்பிகள். இடது கையால் எட்டிப் பிடித்தால் போதும். நீடெக்கர் வலது கையை வளைத்து நீட்டினார். ஆறு அவரைப் பம்பரமாய்ச் சுற்றிவிட்டது. முதல் கம்பி போயிற்று. அடுத்ததும் போயிற்று. மற்ற எல்லாரும் ஏறிவிட்டார்கள்.

சட்டென்று ஒரு யோசனை. கடிகாரத்தைக் கழற்றி, வாரைப் பல்லில் கடித்துக்கொண்டார். இப்போது இரண்டு கையும் சும்மா இருந்தது. ஆனால் வாய் போயிற்று.

"எங்க போறீங்க? ஏறுங்க!" என்று கரையிலிருந்து கத்தினார் ரெகுலா.

"ம்ம்ம்! ம்ம்ம்ம்!"

"பாட்டு வேறயா? இன்னைக்கு ஒரே குஷிதான்!"

ஓர் அலை வந்து மூக்கையும் அடைத்தது. தலை உள்ளே போயிற்று.

உள்ளே ஒரே பச்சை. அடியில் கூழாங்கற்கள் உருண்டு சரசரத்தன. அதையும் மீறி, பல் வழியாக, தாடை எலும்பு வழியாக மண்டைக்குள் ஒரு சத்தம் கேட்டது. டிக்டிக், டிக்டிக். அவருடைய நெஞ்சு தறிகெட்டு அடித்துக்கொள்ள, அந்தக் குட்டி இயந்திரம் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. நீடெக்கருக்குப் பயம்கூட மறந்துபோனது. தேவாலயத்தில்கூட அவருக்கு இப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

மேலே வந்தபோது எதிரே கடைசிக் கம்பி. அதைத் தாண்டினால் தடுப்பணைதான். அங்கே போனவர்களின் கோப்புகளை மூடி வைத்ததே அவர்தான்.

குளியல்துறைக் காவல்காரப் பெண் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையை நீட்டி அலறினாள்: "கையைக் குடுங்க! சீக்கிரம்!"

நீடெக்கர் வாயிலிருந்த கடிகாரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"யோவ்! கடிகாரத்தையா கேட்டேன்? கையை!"

"முதல்ல அதைத் துடைம்மா!" என்று கத்திக்கொண்டே அவர் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டார். அவள் அவர் தோளைப் பிடித்து இழுத்துப் புல்லில் போட்டாள்.

ரெகுலாவும் மற்றவர்களும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். நீடெக்கர் யாரையும் பார்க்கவில்லை. கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்தார். கண்ணில் நீர் முட்டியது.

"ஓடுது! முதல் தடவையா தண்ணி பட்டிருக்கு, அதுவும் இந்த ஆத்துத் தண்ணி. அப்படியும் நிக்கலை பாருங்க!"

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரெகுலாகூடக் கிண்டலை மறந்து குனிந்து பார்த்தார். காவல்காரப் பெண்ணும் கடிகாரத்தைக் கேட்டு வாங்கி, பின்பக்கம் திருப்பினாள். அங்கே அவர் பெயர் பொறித்திருந்தது.

"வால்ட்டர் நீடெக்கர்... அட, ரோஸ்மாரியோட வீட்டுக்காரரா நீங்க?" அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "முதல் தடவையா? இதைக் கட்டிக்கிட்டுத்தானே அவங்க தினம் காலையில இந்த ஆத்துல நீந்திட்டு, நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள வீட்டுக்கு ஓடுறாங்க!"